பிள்ளை சுமக்கும் அப்பா

"பிள்ளை பெறுகிற சிரமம் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மனைவி கேட்க முடியாத கணவர் ஒருவர் உண்டு. அவர் நம் ராமநாதபுரத்துக் கடலில்தான் வசிக்கிறார். குழல் மீன் என்று பெயர்; கடல் பல்லி என்றும் சொல்கிறார்கள். கடல் குதிரைக்கு நெருங்கிய தாயாதி.

ஓர் ஊதுவத்தியை எடுத்து, அதன் நுனியில் இரண்டு கண்களும் சிறு குழல் ஒன்றும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான் குழல் மீன். செதிலுக்குப் பதில் எலும்பு வளையங்கள். வாயில் ஒரு பல் கிடையாது. கண்கள் மட்டும் பொல்லாதவை. ஒன்று கிழக்கே பார்க்கும்போது மற்றது மேற்கே பார்க்கும். பந்தி விசாரிக்கிறவரின் கண் மாதிரி!

இந்தக் குடும்பத்தில் பெண் முட்டையிடுவதோடு சரி. முட்டைகளை ஆணின் வயிற்றிலோ வாலடியிலோ ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். கடல் குதிரைக்கு அதற்கென்று மூடிய பை இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல்லுக்கிடையே வாழும் ஒரு பெரிய குழல் மீன் இனத்துக்கோ பையே கிடையாது. முட்டைகள் அப்பாவின் வயிற்றின்மேல் வெளிப்படையாக ஒட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு பொரியும் வரை அவற்றைச் சுமந்து திரிவது அவர் பொறுப்பு.

சில இனங்களில் தம்பதிகள் தினமும் காலையில் ஒருவரையொருவர் தேடி வந்து, சிறிது நேரம் சேர்ந்து நீந்திவிட்டுப் பிரிகிறார்களாம். ஆராய்ச்சியாளர்கள் கடலுக்குள் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். காபிக்கும் பத்திரிகைக்கும் நடுவே நம் வீடுகளில் அப்படி ஒரு க்ஷேமலாப விசாரணை நடக்கிறதா என்று நான் கேட்கவில்லை!

இப்படி ஒரு பிராணியைக் கூடத்தில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது? கண்ணாடிக்குள் கடலைப் பார்க்கும் ஆசை சென்னைக்குப் புதிதும் அல்ல. 1909ஆம் ஆண்டிலேயே மெரீனாக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தாயிற்று. எழும்பூர் மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டனின் யோசனை அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அதை மூடிவிட்டார்கள். இன்றோ தியாகராய நகரிலும் அடையாறிலும் சில வீடுகளில் உப்புத் தண்ணீர்த் தொட்டியும் நீல விளக்கும் கோமாளி மீனுமாகக் கடல் கூடத்துக்கே வந்துவிட்டது. "இதில் ஒரு ஜோடி குழல் மீனும் இருந்தால்..." என்று கணவரோ பிள்ளையோ ஆரம்பித்தால், அம்மணி, நீங்கள் உஷாராக வேண்டும். தொட்டி வாங்குகிறவர் அவர். சோறு போடப் போகிறவர் நீங்கள்!

அந்தச் சோற்றுச் சங்கதியை முதலில் கேளுங்கள். குழல் மீனுக்கு இரைப்பை என்பதே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்ச் சீக்கிரம் வெளியேறிவிடும். ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறுவேளை வரை சும்மா இருக்க அதனால் முடியாது. பகல் முழுவதும் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும், டப்பாவில் விற்கும் தூளைத் திரும்பியும் பார்க்காது. இறாலுக்குத் தூரத்து உறவான பொடிப் பூச்சிகள் உயிரோடு எதிரே துள்ள வேண்டும். அப்போதுதான் மூக்குக் குழலால் வெடுக்கென்று உறிஞ்சும்.

இதற்காக ஆர்டீமியா முட்டை வாங்கி, உப்பு நீரில் போட்டுக் காற்று ஊதிப் பொரிக்க வைப்பார்கள். சுமார் ஒரு நாளில் பொரியும். தோசைக்கு ஊறப்போடுவது போல, இன்றைக்குப் போட்டால்தான் நாளைக்கு. பொரித்து நேரமானால் சத்துக் குறைந்துவிடும். தினம் இரண்டு மூன்று தடவையாவது பந்தி போட வேண்டும். பழக்கினால் உறைய வைத்த பொடி இறாலைச் சில மீன்கள் ஏற்கும். பல மீன்கள் ஏற்காமலே மெலிந்து செத்துப்போகும். ஊரில் கல்யாணம் என்று நாலு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியுமா?

நீச்சலிலும் குழல் மீன் படு சாது. சுறுசுறுப்பான மீன்கள் அதன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். கடல் சாமந்தியின் கைகள் பட்டால் கொட்டும். தண்ணீரை உறிஞ்சும் பம்ப்பின் வாய் அதற்கு யமன்.

தண்ணீருக்கும் தனிப் பாடு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 200 லிட்டர் தொட்டி என்றால் 7 கிலோ! சாம்பாருக்குப் போடும் உப்பு உதவாது. இதற்கென்றே விற்கும் கலவை வேண்டும். பெசன்ட் நகரில் குடத்தோடு போய் மொண்டு வரலாமென்றால், பக்கத்திலேயே அடையாறு கழிவுநீரைக் கொண்டுவந்து கடலில் கலக்கிறது. அப்புறம் நம் ஊர்க் கத்திரி வெயில். தண்ணீர் சுட ஆரம்பித்தால் நோய்க் கிருமிகள் மளமளவென்று பெருகும். குளிரவைக்க ஒரு யந்திரம் வேண்டும். மின்சாரமோ நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை.

"அத்தனையும் செய்கிறேன்" என்று நீங்கள் முன்வந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியும் யானையும் இடம்பெற்ற முதல் அட்டவணையில், கடல் குதிரை, குழல் மீன் குடும்பம் முழுவதையும் 2001ஆம் ஆண்டு ஜூலையில் சேர்த்தார்கள். 2022ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி எழுதிய பிறகும் பாதுகாப்பு நீங்கவில்லை. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாம் குற்றம். சிறைவாசம் வரை போகும். பாறை கட்டும் பவழங்களுக்கும் 2001லேயே இந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது.

ஊதுவத்தி போன்ற ஒரு மீனுக்கு ஏன் இத்தனை காவல்? கடற்புல் படுகையை இழுவலை வாரிக்கொண்டு போகும்போது இறாலோடு இவையும் வருகின்றன. உலர்த்தி, மருந்துக்கென்று வெளிநாட்டுக்குக் கள்ளத்தனமாக அனுப்புகிறவர்கள் பிடிபடும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மற்ற மீன் வலையில் போனால் ஒரு மீன்தான் போகிறது. இந்த அப்பா போனால், அவர் சுமக்கும் குடும்பமும் கூடவே போய்விடுகிறது.

ஆகையால் கடைக்காரர் எவரேனும் இரகசியமாகக் குழல் மீன் காட்டினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். உலர்ந்ததை மருந்து என்று கொடுத்தாலும் தொடாதீர்கள். தெரியாமல் ஏற்கெனவே வாங்கியிருந்தால், கடற்கரையில் கொண்டுபோய் விட வேண்டாம், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பவழத்துக்குப் பதில் செயற்கைப் பவழம் போதும்.

கடல் மீன்தான் வேண்டுமென்றால் கோமாளி மீன் இருக்கிறது. அதைத் தொட்டியிலேயே பொரித்து வளர்க்கும் முறையை, 1947ல் ஆரம்பித்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கண்டு கற்றுக்கொடுத்திருக்கிறது. "பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். பண்ணைக் குஞ்சு பாக்கெட் தீனியைச் சமர்த்தாகச் சாப்பிடும். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

குழல் மீன் அப்பாவுக்கு ஏற்கெனவே வயிற்றில் பாரம் இருக்கிறது. நம் ஆசையையும் அவர் தலையில் ஏற்றுவானேன்?