மனப்பதிவும் நினைவும்

ஒருவரைப் பற்றிய தனித்தனிச் செய்திகளை இணைத்து, 'இவர் இப்படிப்பட்டவர்' என முடிவுக்கு வருவது மனப்பதிவு உருவாக்கம் எனப்படும். இது நினைவாற்றலுக்கும் உதவுகிறது.

ஹாமில்டன், காட்ஸ், லைரர் ஆகியோரின் ஆய்வில் (1980), ஒருவரின் செயல்களைக் கூறும் வாக்கியங்களை இரு குழுவினர் படித்தனர். மனப்பாடம் செய்யச் சொல்லப்பட்டவர்களைவிட, அவர் எப்படிப்பட்டவர் என்று எண்ணிப் படித்தவர்களே அதிகம் நினைவுகூர்ந்தனர்.

'பழனி அடிவாரத்தில் முதியவருக்கு வழிகாட்டினார்', 'கண்டெடுத்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்தார்' ஆகிய இரண்டும் 'நல்ல மனிதர்' என்னும் ஒரே இழையில் கோக்கப்படுகின்றன. ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றதும் உடன்வரும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மனப்பதிவோடு ஒத்துப்போனால், படிக்காத பண்புச்சொல்லும் படித்ததுபோலத் தோன்றக்கூடும் என்பதை கேன்டர், மிஷெல் ஆய்வு (1977) காட்டியது. எனவே, மாணவருக்கு நடத்தைச் சான்று எழுதும் ஆசிரியர் நினைவை மட்டும் நம்பாமல், பதிவேட்டையும் பார்ப்பது நல்லது.