கதவைத் தட்டாத கூடை

எழுதுகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், காகிதமும் பேனாவும் போதும் என்று சொல்பவர் பலர். அவர்கள் எழுதிப் பார்த்தவர்கள் அல்லர். காலையில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், பால் கணக்கு ஒரு புறம், குழந்தைகளின் பள்ளிச் சம்பளம் ஒரு புறம், 'சற்றுப் பேசிவிட்டுப் போகலாம்' என்று வந்த நண்பர் ஒரு புறமாக நின்று அந்த வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை. எழுதுகிறவர் பெண்ணாக இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். குழம்பு கொதிப்பதற்கும் குழந்தை விழிப்பதற்கும் இடையே கிடைக்கும் சிறு பொழுதுதான் அவருடைய இலக்கிய வாழ்வு. எழுத்துக்கு முதன்மையான மூலதனம், கலையாத பொழுதேயாகும். அந்தப் பொழுதையே தானமாக வழங்கும் ஒரு சத்திரம் உலகில் இருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பீட்டர்பரோ என்று ஒரு சிற்றூர். அதன் அருகே, மரங்கள் அடர்ந்த நிலத்தில், ஒன்றன் கண்ணில் மற்றொன்று படாதவாறு முப்பதுக்கும் மேற்பட்ட குடில்கள் அமைந்துள்ளன. எழுத்தாளர், சங்கீதகர்த்தா, ஓவியர், சிற்பி முதலியோர் அங்கே சில வாரங்கள் தங்கி வேலை செய்கிறார்கள். தங்குவதற்கோ உணவிற்கோ கட்டணம் இல்லை. பகலில் அழைப்பின்றி ஒருவர் குடிலுக்கு மற்றொருவர் செல்லலாகாது. நண்பகலில் உணவுக் கூடை வாசற்படிக்கு வந்து சேரும். கொண்டு வருகிறவர் கதவைத் தட்டுவதில்லை. மாலையில்தான் அனைவரும் ஒன்றுகூடி உண்பார்கள், பேசுவார்கள். புறப்படும்போது, "எத்தனை பக்கம் எழுதினீர்?" என்று கணக்குக் கேட்பவர் இல்லை. குடிலில் உள்ள மரப்பலகை ஒன்றில் தம் பெயரை எழுதிவிட்டுப் போவது மட்டும் வழக்கம்.

இந்த ஏற்பாட்டின் பின்னே ஒரு பெண்மணியின் வாழ்க்கை இருக்கிறது. 1857-இல் பிறந்த மரியன் என்பவர் பியானோ பயிலும் பொருட்டு ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எட்வர்ட் மக்டவல் என்னும் இளம் அமெரிக்கர். 1884-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கணவர் கவலையின்றிச் சங்கீதம் இயற்றவேண்டும் என்பதற்காக, மரியன் தமக்குக் கிடைத்த குடும்பச் சொத்தைக் கொண்டே ஆரம்ப ஆண்டுகளில் குடும்பத்தை நடத்தினார். தம் கச்சேரி வாழ்வையும் ஒதுக்கி வைத்தார். 1896-இல் பீட்டர்பரோவில் ஒரு பண்ணையை வாங்கியவரும் அவரே. காட்டினுள் கணவருக்காக ஒரு மரக் குடிலைக் கட்டுவித்து, நண்பகல் உணவைக் கூடையில் கொணர்ந்து வாசலில் வைத்துவிட்டு ஓசையின்றித் திரும்புவாராம். இன்று நடைபெறும் கூடை வழக்கத்தின் மூலம் அதுதான்.

எட்வர்ட் நெடுநாள் வாழவில்லை. கொலம்பியா சர்வகலாசாலையில் வகித்த சங்கீதப் பேராசிரியர் பதவியை 1904-இல் துறந்தவர், விரைவில் மனமும் உடலும் தளர்ந்து நோயில் விழுந்தார். மற்றக் கலைஞர்களும் இந்தக் காட்டில் வந்து வேலை செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை நிறைவேற்றும்பொருட்டு 1907-இல் மரியன் அம்மையார் பண்ணையை ஒரு சங்கத்தின் வசம் ஒப்படைத்தார். முதன்முதல் வந்து தங்கியவர்கள் ஹெலன் மியர்ஸ் என்ற சிற்பியும், அவருடைய சகோதரியும் எழுத்தாளருமான மேரி மியர்ஸும் ஆவர். அடுத்த ஆண்டே எட்வர்ட் காலமானார்.

சத்திரத்தை ஆரம்பிப்பது எளிது. அடுப்பு அணையாமல் காப்பது அன்றோ கடினம்! ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மையார், தாம் ஒதுக்கி வைத்திருந்த பியானோவைத் திரும்பவும் தொட்டார். ஊர் ஊராகச் சென்று கணவரின் சங்கீதத்தை வாசித்தும், மாதர் சங்கங்களில் பேசியும் பணம் திரட்டினார். 1938-இல் பெரும் புயல் அடித்து மரங்களை வீழ்த்தியபோது அவருக்கு வயது எண்பது. அப்பொழுதும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1956-இல் அவர் மறைந்தபோது, ஸ்தாபனத்திற்கு அரை நூற்றாண்டு நிறையும் தறுவாய்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் என்ன? எட்வின் ஆர்லிங்டன் ராபின்ஸன் என்ற கவிஞரை எடுத்துக்கொள்வோம். வறுமையினால் நியூயார்க் நகரத்தில் சுரங்க ரயில் பாதை கட்டும் இடத்தில் வேலைக்காரர்களின் நேரக் கணக்கு எழுதிப் பிழைத்தவர் அவர். 1911-இல் நண்பர் வற்புறுத்தலால், அரை மனத்துடன், பீட்டர்பரோவுக்கு வந்தார். பிறகு 1935-இல் இறக்கும் வரை கோடைதோறும் அங்கேதான் வாசம். புலிட்ஸர் பரிசு அவருக்கு மூன்று முறை கிட்டியது. தார்ண்டன் ஒயில்டர் அங்கே பலமுறை தங்கியவர். 1938-இல் அரங்கேறிய அவருடைய 'நம் ஊர்' என்னும் நாடகத்தில் வரும் சிற்றூர் பீட்டர்பரோவின் சாயலை உடையது. வில்லா காதர் 1926-இல் அங்கிருந்து நாவல் எழுதினார். நீக்ரோ மக்கள் பல இடங்களில் வெள்ளையருக்குச் சமமாக உட்காரவும் இயலாதிருந்த 1950-களில், அவ்வினத்து எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வினுக்கு அங்கே ஒரு குடிலும் மேஜையும் கிடைத்தன. இதுவரை அங்கு தங்கியவர்கள் எண்ணாயிரத்துக்கும் மேல்.

"வறுமையும் துன்பமும் அல்லவா கவிதையை விளைவிக்கின்றன? சௌகரியம் எழுத்தாளனைச் சோம்பேறியாக்கிவிடாதா?" என்று கேட்பவர் உண்டு. துன்பம் கவிதைக்குப் பொருளைத் தரலாம். அதை எழுதி முடிக்கும் பொழுதை அது தருவதில்லை. ராபின்ஸன் சுரங்கத்தின் இருளில் கண்டதைக் கவிதையாக்குவதற்குக் காட்டின் அமைதி வேண்டியிருந்தது. சிலர் அங்கே தூங்கிப் பொழுது போக்கலாம். போக்கட்டுமே! தரிசாக விட்ட நிலம் மறு வருஷம் நன்றாக விளையும் என்பதைக் குடியானவன் அறிவான்.

பழைய காலத்துப் புரவலர்கள் பொன்னும் யானையும் ஈந்தார்கள். புலவன் பதிலுக்குப் பாடினான். பீட்டர்பரோவில் பாட்டுடைத் தலைவன் இல்லை. கொடுப்பவர் புகழையும் கேட்பதில்லை. கையெழுத்துப் பிரதியையும் கேட்பதில்லை. இதுவே அந்த ஈகையின் தனிச் சிறப்பு.

எனினும், இந்த வரலாற்றில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. எண்ணாயிரம் பேருக்குப் பொழுதைத் தேடித் தந்த அம்மையாருக்கு, அவருடைய இளமையில், வாசற்படியில் கூடை வைத்தவர் யார்? ஒருவரும் இல்லை. அவர் வைத்தார், பிறர் உண்டனர்.

காட்டையும் குடிலையும் எல்லோராலும் கொடுக்க முடியாது. ஆனால் எழுதவோ, பாடவோ, வரையவோ கூடியவர் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கலாம். அவர் தாயாகவோ, மனைவியாகவோ, தங்கையாகவோ இருக்கலாம். தினம் இரண்டு மணி நேரம் அவருக்கென்று ஓர் அறையை விட்டுக்கொடுத்து, காபியை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிட நம்மால் முடியாதா?