களப்போரப் பள்ளிகள் – 7: சாணளவுப் பாடம்

நீளமான முருங்கைப் பிஞ்சைப் போலிருக்கும் கண்டல் நாற்று. அதை விதை என்று சொல்ல முடியாது. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீண்டுவிடுகிறது. கூர்முனை கீழே வரும்படி, சேறு நிரப்பிய பொலித்தீன் பைக்குள் செருகிவைத்தால் சில வாரங்களில் தலையில் இரண்டு இலை விரியும். இதெல்லாம் அரைமணி நேரப் பாடம். சிலாபத்தை அடுத்த பம்பலவில் படிக்க வேண்டிய பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அனுராத விக்கிரமசிங்க நிறுவிய ‘சுதீச’ என்ற சிறு மீனவர் அமைப்பு இயங்கும் இடம் அது. 2015இல் அமெரிக்காவின் ‘சீகாலஜி’ அமைப்பும் இலங்கை அரசும் அதனோடு சேர்ந்து, ஐந்தாண்டுக்கு 34 இலட்சம் டொலர் செலவில் நாடு முழுவதிலுமுள்ள 8,815 ஹெக்டேயர் கண்டல் காட்டையும் காக்கப் புறப்பட்டன. 1,500 கரையோரக் கிராமங்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும்; பதிலுக்கு ஒவ்வொரு பெண்கள் குழுவும் சராசரி 21 ஏக்கர் கண்டலுக்குக் காவல். மறு ஆண்டு யூலை 26இல், உலகின் முதல் கண்டல் அருங்காட்சியகம் பம்பலவிலேயே திறக்கப்பட்டது.

விறகு வெட்டும் பெண்களைக் குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் புத்தளம் மாவட்டக் கரையில் கண்டலைப் பெருமளவு தின்றது அடுப்பல்ல, இறால். 1980களில் களப்போரமெங்கும் பண்ணைக் குளங்கள் தோண்டினார்கள். ஒருவர் கழித்துவிட்ட நீரையே டச்சுக் கால்வாய் வழியாக அடுத்தவர் இறைத்துக்கொண்டார். 1996இல் வெண்புள்ளி நோய் அந்த நீரோடு குளம் குளமாகப் பரவியது. இறால் போயிற்று, காடும் திரும்பவில்லை. கைவிட்ட குளங்கள்தான் மிச்சம்.

அப்படியானால் மீண்டும் நட்டுவிட வேண்டியதுதானே? நட்டார்கள். சுனாமிக்குப் பின் பணமும் ஆர்வமும் சேர்ந்தே வந்தன. 2017இல் வெளியான ஆய்வொன்று இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பரிசோதித்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட இல்லை. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் நட்டதில் தேறியது 200 சொச்சம்.

நாற்று கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரே இனத்தைக் கண்ட இடமெல்லாம் நட்டதும், நட்ட கையோடு படமெடுத்துக்கொண்டு போனதும்தான் கோளாறு. நம் கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. சாணளவு தாழ்ந்த இடமானால் நாற்று மூழ்கிச் சாகும், சாணளவு உயர்ந்தால் காயும். எந்த மேட்டில் எந்த இனம் நிற்கும் என்பது நண்டு தேடிச் சேற்றில் நடந்த கால்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், இந்தப் பள்ளிக்கு வாத்தியார் அந்தக் கால்கள்தான். சான்றிதழ் வைத்திருப்பவர் உதவியாளராக இருக்கட்டும்.

ஆபிரிக்காவிலும் இதே சேறு உண்டு. கென்யாவின் காஸி விரிகுடாவில் 2013 முதல் ஊர்மக்களே கண்டலைக் காத்து, அது பிடித்துவைக்கும் கரிமத்துக்கு விலை வாங்குகிறார்கள். அந்தக் காசில் குடிநீரும் பள்ளிப் புத்தகங்களும் வந்தன. அடுத்த வாரம் அங்கே போவோம். போகிற வழியில் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆபிரிக்க மூதாதையரைக் கொண்ட குடும்பங்கள் அங்கே இன்றும் ‘மன்ஜா’ பாடி ஆடுகின்றன.