பாலைவனப் பள்ளத்தாக்குகளும் புகைப்பட மூட்டமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 446 கிலோமீட்டர் நீளமுடையது. அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். அதன் எதிர்க்கரையிலுள்ள செந்நிறப் பாறை அடுக்குகள், புகைப்படத்தில் வெளிறிய நீலத்திரையின் பின்னே மங்கிவிடுவதுண்டு. இம்மூட்டத்தை எந்த அளவுக்கு நீக்கலாம், எப்பொழுது நீக்கலாகாது என்பவற்றை, நிலத்தோற்றங்களைப் படமெடுக்கும் களப்பணியாளரும் அவற்றைக் கொண்டு கற்பிக்கும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

பாறைக்கும் காமிராவுக்கும் இடையே பல கிலோமீட்டர் காற்று உள்ளது. அது பாறையிலிருந்து வரும் ஒளியைக் குறைக்கிறது. அத்துடன் சூரிய ஒளியைச் சிதறச் செய்து, அவ்வொளியையும் படத்தில் சேர்த்துவிடுகிறது. நிழல்கள் வெளிறுவது இதனாலேயே. காற்றின் மூலக்கூறுகளால் ஒளி சிதறும் அளவு, அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதமாக இருக்கும். பின்னாளில் ராலே பிரபு எனப் பெயர்பெற்ற ஜான் ஸ்ட்ரட் 1871-இல் இதனை விளக்கினார். இதன்படி, 400 நானோமீட்டர் ஊதா ஒளி 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைவிடப் பதினாறு மடங்கு சிதறும்.

ஆகவே, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மஞ்சள் வடிகட்டியைவிடச் சிவப்பு வடிகட்டி மூட்டத்தை அதிகமாகக் குறைக்கும். அகச்சிவப்புப் படம் இன்னும் தெளிவாக அமையும். வண்ணப் படங்களுக்குப் போலராய்டு வடிகட்டி ஏற்றது. சிதறிய ஒளி, சூரியனுக்குச் செங்கோணத் திசையிலேயே மிகுதியாக முனைவுற்றிருக்கும். எனவே சூரியன் பக்கவாட்டில் இருக்குமாறு நின்று, வடிகட்டியை மெல்லச் சுழற்றித் தெளிவு மிகும் நிலையில் நிறுத்தவேண்டும்.

தூசியும் புகையும் மிகுந்தால் இம்முறைகள் அதிகம் உதவா. பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. அதிலும் முன்னோக்கியே மிகுதியாகச் சிதறச் செய்வதால், சூரியனை எதிர்நோக்கி எடுக்கும் படம் பெரிதும் வெளிறிவிடும். மழையோ பனியோ பெய்து காற்றைக் கழுவிய பின், பக்கவெளிச்சம் விழும் காலையிலோ மாலையிலோ எடுப்பதே சிறந்த வழி.

கணிப்பொறியாலும் மூட்டத்தைக் குறைக்கலாம். 2009-இல் கைமிங் ஹே முதலியோர் வெளியிட்ட முறை, மூட்டமற்ற நிலத்தோற்றத்தின் பெரும்பாலான சிறு பகுதிகளில் ஏதேனும் ஒரு நிறக்கூறு மிகக் கருமையாயிருக்கும் என்னும் உண்மையைப் பயன்படுத்துகிறது. வெண்பனியும் வெளிர்நிறப் பாறையும் இம்முறையை ஏமாற்றக்கூடும். மேலும், முற்றிலும் மறைந்துபோன நுணுக்கங்களை எக்கணக்கும் மீட்டுத் தராது.

பாறை அடுக்குகளைக் காட்டும் படத்தில் மூட்டம் இடையூறு. காற்றின் நிலையைக் காட்டும் படத்திலோ அதுவே சான்று. தேசியப் பூங்காக்களில் காட்சித்தெளிவை மீட்க அமெரிக்கா 1999-இல் விதி வகுத்தது. அத்தகைய ஆய்வுக்குரிய படத்தின் மூட்டத்தை நீக்குவது, அளவுகோலைத் திருத்துவதற்கு ஒப்பாகும். எனவே, மூலப்படத்தை மாற்றாமல் வைத்து, நாள், நேரம், திசை, வடிகட்டி, பிற்செயல்முறை ஆகியவற்றைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே காட்டும் ஆசிரியர், ஒளிச்சிதறலோடு விஞ்ஞான நேர்மையையும் ஒருங்கே கற்பித்தவராவார்.