டார்ச்சு விளக்குப் பாட்டரிகளும் மலிவான சார்ஜரும்

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் படகு வைத்திருப்போரும், எண்ணூர்க் கழிமுகத்தில் இரவில் இறால் பிடிப்போரும், திருவொற்றியூர்ப் பக்கத்தில் கறவை மாடு வளர்ப்போரும் கைவிளக்கின்றிக் காலங்கழிக்க இயலாது. ஒரு முறை தீர்ந்ததும் எறியப்படும் பாட்டரிகளை ஓயாது வாங்குவது வீண் செலவு. மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரிகள் தக்கபடி கையாளப்பட்டால் சில நூறு தடவைகளுக்கு உழைக்கும். ஆயினும் இவை சீக்கிரம் கெட்டுவிடுவதாகக் குறை கூறுவோர் உண்டு. பெரும்பாலும் குற்றம் பாட்டரியினுடையதன்று, சார்ஜரினுடையதே.

மலிவான சார்ஜர்களில் பல, பாட்டரி நிறைந்ததை அறிந்து தாமே நிற்பவையல்ல. செருகியிருக்குமளவும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டேயிருக்கும். நிறைந்த பின் செலுத்தப்படும் மின்சாரம் உஷ்ணமாக மாறிப் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் நேரத்தைக் கணக்கிடுதல் அவசியம். பாட்டரியின் மேல் 2000 மில்லி ஆம்பியர் மணி என்றும், சார்ஜரின் அடியில் ஒரு பாட்டரிக்கு 200 மில்லி ஆம்பியர் என்றும் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுக்க 10 வரும். செலுத்தும் மின்சாரத்தில் ஒரு பங்கு வீணாவதால் இன்னும் 4 சேர்த்து 14 மணி நேரம் வைத்தல் வேண்டும். மாலை 6 மணிக்குச் செருகியதை மறுநாள் காலை 8 மணிக்கு எடுத்துவிடலாம். இது முற்றும் தீர்ந்த பாட்டரிக்குரிய கணக்கு. பாதி தீர்ந்ததற்குப் பாதி நேரமே போதும். இடையில் மின்சாரம் நின்ற நேரத்தைக் கழித்துக்கொள்க. பின்னிரவில் பால் கறக்க எழுவோருக்கு இவ்வேளை ஒத்துவராது. அவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உபயோகித்தல் நலம்.

ஒரே சிறு விளக்கு இரண்டு பாட்டரிகளுக்குப் பொதுவாக எரியும் சார்ஜரில் இரண்டும் ஒன்றாகவே ஏற்றப்படும். அதில் பழையதையும் புதியதையும் கலந்து செருகலாகாது. ஒன்று நிறைந்து சுட, மற்றொன்று குறையாகவே நிற்கும். சற்று அதிக விலையில், ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே கவனித்துத் தானே நிற்கும் சார்ஜர் கிடைக்கும். இயன்றவர் அதையே வாங்குவது சிலாக்கியம். இரண்டொரு ஜோடி பாட்டரி கெடாமலிருந்தாலே அதிகப்படியான விலை திரும்பிவிடும். கால் மணியில் ஏற்றுவதாக விளம்பரம் செய்யப்படுபவற்றில் உஷ்ணம் மிகுதி.

இப்பாட்டரிகளின் அளவு 1.2 வோல்ட், சாதாரணப் பாட்டரிக்கு 1.5. ஆகவே விளக்கு சிறிது மங்கினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

சாதாரணப் பாட்டரிகளையோ லித்தியம் பாட்டரிகளையோ இச்சார்ஜரில் ஒருபோதும் செருகலாகாது. முன்னவை கசியும், வெடிக்கவும் கூடும், பின்னவை தீப்பற்றும். சார்ஜரை வைக்கோலினருகிலும் ஈரமான தொழுவத்திலும் வைத்தல் ஆபத்து. கடற்காற்றிலுள்ள உப்பினால் தகடுகளில் களிம்பேறுவது இப்பக்கத்தில் சாதாரணம். சார்ஜரைப் பிடுங்கி வைத்து, வாரமொரு முறை உலர்ந்த துணியால் துடைத்துவர வேண்டும்.

உழைத்துத் தீர்ந்த பாட்டரிகளைக் கழிமுகத்தில் எறிவதும் குப்பையோடு எரிப்பதும் தகாது. 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது. ஆதலால் அவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம்.