ரம்ப மேசையின் ஏற்றிறக்க அமைப்பில் எழும் ஓசை: காரணமும் பரிகாரமும்

இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுள்ளது. அதன் இன்றைய வடிவங்களுள் ஒன்றாகிய ரம்ப மேசை, பெரிய மர ஆலைகளிலும் சிறு தச்சுப் பட்டறைகளிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் ஒருங்கே காணப்படும் இயந்திரமாகும். மேசைக்கு மேலே எவ்வளவு ரம்பம் தெரிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது, முகப்பிலுள்ள கைச்சக்கரம். அதைச் சுற்றும்பொழுது கிரீச்சென்றோ, கடகடவென்றோ ஓசை எழுவதுண்டு. எண்ணெய் ஊற்றி அவ்வோசையை அடக்குவது பலரும் கையாளும் முறை. ஆனால் அம்முறை பெரும்பாலும் பழுதை மறைத்து, பின்னர் அதைப் பெருக்கி விடுகிறது.

அமைப்பும் செயலும்

கைச்சக்கரத்தின் தண்டில் திருகு வடிவான ஒரு பல் உண்டு. பட்டறைகளில் இதை ‘வொர்ம்’ என்பர். அது விசிறி போன்ற பல்வரிசையுடன் இணைந்திருக்கும். திருகு ஒரு முறை சுழன்றால், பொதுவாக விசிறியின் ஒரு பல் மட்டுமே நகரும். அந்நகர்ச்சியே ரம்பத்தைத் தாங்கும் கையை ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், திருகு விசிறியை நகர்த்தும். விசிறியால் திருகை எளிதில் நகர்த்த இயலாது. திருகின் சரிவு மிகக் குறைவாகவும், உராய்வு போதுமானதாகவும் இருப்பதே இதற்குக் காரணம். ஆகவே ரம்பமும் அதைத் தாங்கும் பாகங்களும் தம் பாரத்தால் கீழிறங்குவதில்லை. ஆயினும் பற்களுக்கிடையே இடைவெளி மிகுந்தால், அந்த இடைவெளியின் அளவுக்கு ரம்பம் அசையும்.

கைச்சக்கரத்தின் ஒரு சுற்று ரம்பத்தை 4 மி.மீ. உயர்த்துவதாகக் கொள்வோம். கால் சுற்று ‘ஆட்டம்’ இருப்பின், மரத்தில் வெட்டும் பள்ளத்தின் ஆழம் 1 மி.மீ. வரை மாறக்கூடும். அலமாரியின் பின்பலகைக்கென 6 மி.மீ. ஆழத்தில் வெட்டிய பள்ளம் 5 மி.மீ. ஆகிவிட்டால் பலகை சரியாக அமராது. வெட்டும்பொழுதே ரம்பம் நிலை மாறினால் மரம் உதறப்பட்டு, தொழிலாளியின் விரலுக்கே ஆபத்து நேரலாம்.

ஓசை எழுவது எவ்வாறு?

உலர்ந்த இரு பரப்புகள் உராயும்பொழுது, அசையாநிலை உராய்வு இயங்குநிலை உராய்வைவிட மிகுதி. எனவே பரப்புகள் ஒரு கணம் பிடித்து, மறுகணம் வழுக்குகின்றன. இது விரைந்து நிகழ்ந்தால் கிரீச்சொலி பிறக்கும். வயலின் நரம்பில் வில் எழுப்பும் நாதமும் இதே தத்துவத்தைச் சார்ந்தது. ஆசிரியர்கள் ஒரு மரக்கட்டையில் ரப்பர் வளையத்தைக் கட்டி மேசைமீது மெதுவாக இழுத்தால், கட்டை விட்டுவிட்டு நகர்வதை மாணவர் நேரில் காணலாம்.

கடற்கரைப் பகுதிகளில் இக்குறை விரைந்து தோன்றும். எர்ணாகுளம் மாவட்டத்தின் தலைமையிடமாகிய காக்கநாட்டையும் உள்ளிட்ட கொச்சி வட்டாரத்தில், தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்கின்றன; ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மி.மீ. ஆகும். மரத்தூள் காற்றின் ஈரத்தை ஈர்த்து, இரும்பின்மேல் ஈரப்போர்வைபோல் தங்கித் துருவை வளர்க்கிறது. அருகிலுள்ள பெரும்பாவூரில் மிகுதியாக அறுக்கப்படும் ரப்பர் மரத்தின் தூளோ, அப்பகுதியில் பெயர்பெற்ற அயினி மரத்தின் தூளோ கிரீசுடன் கலந்தால், பற்களின் அடியில் கெட்டியாக இறுகிவிடும்.

குறையை அறிதல்

மின்னிணைப்பை நீக்கிய பின்னரே சோதனை தொடங்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றும்பொழுது கிரீச்சொலி எழுந்தால் துருவும் வறட்சியும் காரணமாகலாம். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் ‘கடக்’ என்றால், அங்கே இறுகிய தூளோ உடைந்த பல்லோ இருக்கக்கூடும். சக்கரம் முன்னும் பின்னும் வெறுமனே அசைந்தால், பற்களிடையே ஆட்டம் மிகுந்துள்ளது அல்லது தண்டின் வளையம் தளர்ந்துள்ளது. கையால் சுற்றும்பொழுது ஓசையின்றி, மோட்டார் ஓடும்பொழுது மட்டும் இரைச்சல் எழுமானால், முதலில் பேரிங்கையும் பெல்ட்டையும் ஆராய்தல் வேண்டும்.

பழுது நீக்கும் முறை

முதலில் ரம்பத்தைக் கழற்றி வைக்க வேண்டும். தூளைத் தூரிகையாலும் உறிஞ்சு கருவியாலும் அகற்றுவது நலம். காற்றழுத்தத்தால் ஊதினால் நுண்தூள் மூச்சில் கலக்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. இறுகிய பிசுக்கை, மண்ணெண்ணெயில் நனைத்த விறைப்பான தூரிகையால் தேய்த்துப் போக்கலாம். அப்பொழுது நெருப்பு அருகில் இருத்தல் கூடாது. பின்னர் பாகங்களை நன்கு துடைத்து உலரவிட வேண்டும்.

அடுத்தது மசகு. சாதாரணக் கிரீசும் எண்ணெயும் தூளைப் பிடித்து வைக்கும். ஆதலின் மெழுகோ கிராஃபைட் பொடியோ மெல்லியதாகப் பூசி, சக்கரத்தை மேலும் கீழும் பலமுறை சுற்றுவது தக்கது. உயரத்தைப் பூட்டும் குமிழ் அழுத்தும் பரப்பில் மட்டும் எதையும் பூசலாகாது. அங்கே உராய்வு இருந்தால்தான் பூட்டு நிலைக்கும்.

இதன் பின்னும் ஆட்டம் இருந்தால், திருகைத் தாங்கும் பாகத்தின் மறைகளைச் சற்றுத் தளர்த்தி, திருகை விசிறியை நோக்கி நகர்த்தி மீண்டும் முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி நெருக்கினால் சக்கரம் நடுவழியில் இறுகும். மேல் எல்லை முதல் கீழ் எல்லைவரை ஒரே சீராகச் சுழல்வதே சரியான நிலை. பல் உடைந்திருப்பின் அப்பாகத்தை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. இறுதியாக ரம்பத்தைப் பொருத்தி, அது மேசையின் பள்ளத்துக்கு இணையாக உள்ளதா என அளந்து, காப்பு உறையை மீண்டும் அமைத்த பின்னரே மின்னிணைப்புத் தரவேண்டும்.

உயரத்தை அமைக்கும்பொழுது, தேவையான அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு, பின்னர் மேல்நோக்கி ஏற்றியே நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொள்வது நன்று. அவ்வாறு செய்தால் பல்லிடைவெளி ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். ரம்பம் தானே கீழிறங்க இடமிராது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை தூளகற்றும் பட்டறையில் இவ்வோசை எழுவது அரிது. எழுந்தாலும் அதன் காரணம் உடனே புலப்படும்.