சமையலறைக்கு ஓர் உயரமான ஸ்டூல்

ஆண்டின் நாட்களை நினைவூட்டும் 365 படிகளைக் கொண்டது நம் திருத்தணி மலை. ஏறுவோர் களைத்தால் படியிலேயே சற்று அமர்ந்து இளைப்பாறுவர். ஆனால் 365 நாட்களும் சமையலறையில் நிற்கும் நம் தாய்மார் எங்கே அமர்கிறார்கள்? இக்கேள்வியே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நம் பாட்டிமார் மணைப் பலகையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கினர். ஆட்டுக்கல்லின் முன்னும் அமர்ந்தே மாவரைத்தனர். பின்னர் அடுப்பு மேடை ஏறியது. மற்ற வேலைகளும் அதன்பின் ஏறின. குனியும் துன்பம் குறைந்தது. நிற்கும் துன்பம் வந்தது. வீட்டிலுள்ள சாதாரண ஸ்டூலில் அமர்ந்தாலோ மேடை மார்பளவு உயர்ந்து நிற்கிறது. தோளைத் தூக்கிக்கொண்டே நறுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நல்ல விடை டென்மார்க்கில் கிடைத்தது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியரின் நாடுதான் அது. அந்நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனின் கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டு மரச்சாமான் கல்வியைத் தொடங்கிவைத்தவர் கோரே கிளிண்ட். மனித உடலை அளந்த பின்பே மரத்தை அளக்க வேண்டும் என்பது அவர் வழி. அவ்வழியைப் பின்பற்றியோர் பலர். 1960களில் எரிக் பூக் என்பவர் வடிவமைத்த உயரமான தேக்கு ஸ்டூல் இன்றும் பல நாடுகளில் விரும்பப்படுகிறது. அதற்கான தேக்கு நம் ஆசியாவின் மரமே!

அத்தகைய ஸ்டூலின் இரகசியங்கள் மூன்று. முதலாவது உயரம். மேடையின் மேற்புறத்திற்கும் ஆசனத்திற்கும் இடையே ஏறத்தாழ 10 அங்குலம் இருக்க வேண்டும். அப்போதுதான் தொடைகள் அடியில் நுழையும். முழங்கைகள் இயல்பாக மேடை மட்டத்தில் நிற்கும். 36 அங்குல மேடைக்கு 26 அங்குல ஸ்டூல் பொருந்தும். எங்கள் வீடுகளில் அளந்தபோது பல மேடைகள் 32 அங்குலமே இருந்தன. அவற்றுக்கு 22 அங்குலம் போதும்.

இரண்டாவது, பாதம் வைக்கும் குறுக்குச் சட்டம். அது இல்லாவிட்டால் கால்கள் தொங்கும். ஆசனத்தின் விளிம்பு தொடையை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். மூன்றாவது, கால்கள் கீழே சற்று அகன்றிருத்தல். உயரமான பொருள் சாயாமல் நிற்க அகன்ற அடித்தளம் வேண்டும் என்பதை அறிவியல் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அடியில் கால் நீட்ட இடமில்லாத மேடையானால், பக்கவாட்டில் திரும்பி அமரலாம். கொதிக்கும் எண்ணெயின் அருகில் மட்டும் நின்று வேலை செய்வதே பாதுகாப்பு.

நாள் முழுவதும் நிற்கும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று கேரளம் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தன. சமையலறைக்கு அப்படியொரு சட்டம் இல்லை. "உட்கார்ந்து சமைத்தால் சோம்பேறி என்பார்களே" என்று எங்கள் தாய்மாரே தயங்கினர். அத்தயக்கம்தான் மேடையைவிட உயரமானது என்று அறிந்துகொண்டோம்.

எங்களில் ஒருத்தியின் வீட்டில் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு வேப்பமரத்தில் 22 அங்குல ஸ்டூல் ஒன்று செய்வித்தார்கள். முதல் இரண்டு நாட்கள் அதன்மேல் வெங்காயக் கூடைதான் அமர்ந்திருந்தது. மூன்றாம் நாள் கூடையை இறக்கிவிட்டு, அவள் தாயாரைக் கைப்பிடித்து அமரச் செய்தாள். முளைக்கீரை ஒரு கட்டு ஆய்ந்து முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அன்புத் தோழியரே, இன்று மாலையே உங்கள் வீட்டு மேடையை அளந்து பாருங்கள். அதிலிருந்து 10 அங்குலம் கழியுங்கள். விடையைத் தந்தையிடம் கொடுங்கள். நமக்காக நின்றவர் சிறிது நேரம் அமரட்டும்.